மொட்டு அவிழும் பொழுது

பிரான்சின் தென்கிழக்கு மூலையில், மத்தியதரைக் கடலுக்குச் சற்று மேலே மலைச்சரிவில் அமைந்த கிராஸ் என்ற சிற்றூரின் வாசனைத் தொழிலை 2018ஆம் ஆண்டு நவம்பரில் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அந்த ஊர் விண்ணப்பத்தில் முன்வைத்த திறன்கள் மூன்று: மணப்பூக்களைப் பயிரிடும் அறிவு, பூவிலிருந்து சாரத்தைப் பிரித்தெடுக்கும் அறிவு, சாரங்களைச் சேர்த்து ஒரு நறுமணத்தை இயற்றும் கலை. இந்தச் செய்தியைப் படித்த நாள் முதல் எனக்கு ஒரு கணக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. இந்த மூன்றில் முதல் இரண்டும் ஈரோடு மாவட்டத்துச் சத்தியமங்கலத்தில் இருக்கின்றன. கீழ்பவானிக் கால்வாய்ப் பாசனத்திலும் கிணற்றுப் பாசனத்திலும் மல்லிகையும் முல்லையும் பிச்சியும் சம்பங்கியும் விளைகின்றன. அவற்றிலிருந்து சாரம் இறக்கும் ஆலைகளும் சத்தியையும் கோவையையும் சுற்றிய வட்டாரத்தில் இருக்கின்றன. ஊர்க்காரர்கள் அவற்றைச் 'சென்ட் பேக்டரி' என்பார்கள். அங்கே சென்ட் எதுவும் தயாராவதில்லை என்பதுதான் இக்கட்டுரையின் பொருள்.

பாரிஸின் பெருவாசனை இல்லங்கள் தங்கள் தத்துவம் என்று சொல்லிக்கொள்வதைச் சுருக்கினால் இரண்டே சொற்கள் மிஞ்சும்: நிலம், கை. இன்ன மண்ணில் விளைந்த பூ, இன்னார் கையால் பறித்த பூ, தலைமுறை தலைமுறையாக வந்த கைப்பக்குவம். கெர்லேன் இல்லத்தை எடுத்துக்கொள்வோம். 1828இல் பாரிஸில் தொடங்கியது, 1994இல் எல்.வி.எம்.எச். குழுமத்தின் கைக்குப் போன பிறகும், 2002இல் ழான்-போல் கெர்லேன் ஓய்வு பெறும்வரை, அதன் வாசனைகளை அந்தக் குடும்பத்தாரே இயற்றினார்கள். அங்கே உயர்ரகப் புட்டிகளின் கழுத்தில் மெல்லிய சவ்வு ஒன்றைப் போர்த்தி, பட்டு நூலைச் சுற்றி முடிச்சிட்டு, நூலின் நுனியைத் தூரிகை போலப் பிரித்துவிடும் பெண்கள் இருக்கிறார்கள். அந்த வேலைக்குத் தனிப் பெயர்களே உண்டு. ஆண்டுக்கணக்கில் பயின்றால்தான் வரும் என்று இல்லம் பெருமையோடு சொல்கிறது. படங்களில் அந்த விரல்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வாழைநாரில் பூத்தொடுக்கும் நம் பெண்களின் விரல்கள் நினைவுக்கு வரும். இரண்டிரண்டு மொட்டாக எதிரெதிரே வைத்து, கண் வேறெங்கோ இருக்க, பேச்சு வேறெங்கோ ஓட, முடிச்சு மட்டும் பிசகாமல் விழுந்துகொண்டே இருக்கும். அங்கே நூல் கட்டுவது கைவினை. இங்கே நார் கட்டுவது முழத்துக்கு இவ்வளவு என்ற கூலிவேலை. திறமையில் வேறுபாடு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. தன் வேலையைப் பற்றிப் பேசும் உரிமை யாரிடம் இருக்கிறது என்பதில்தான் வேறுபாடு.

மனக்குறைப் பட்டியல் போட இக்கட்டுரையை எழுதவில்லை. முதலில் சத்தியில் நடப்பது என்ன என்பதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும். நம் ஊர்க்காரர்களுக்கே அது சரியாகத் தெரியாது.

நாம் மல்லிகை என்று பொதுவாகச் சொல்வது வாசனைத் தொழிலில் இரண்டு பூ. ஒன்று குண்டுமல்லி, உலகச் சந்தையில் சம்பக் என்ற பெயரில் வழங்குவது. மற்றது பிச்சி, ஜாதிமல்லி என்பாரும் உண்டு. கிராஸ் நகரத்தின் புகழ்பெற்ற மல்லிகை இந்தப் பிச்சிதான். நறுமணச் சாரத்தை மனத்தில் வைத்தே கோவை வேளாண் பல்கலைக்கழகம் கோ 1, கோ 2 பிச்சி ரகங்களைத் தேர்ந்து வெளியிட்டது. இரண்டு பூக்களின் மணமும் வேறு. பிச்சியில் பழத்தின் இனிமையும், அடியில் மிருகத்தின் உடல் வாடை போன்ற ஒன்றும் உண்டு. குண்டுமல்லி பச்சை வாடையோடு தேயிலையை ஒத்த தெளிவு கொண்டது. அந்த மிருக வாடைக்கு முக்கியக் காரணம் இந்தோல் என்ற பொருள். தனியே முகர்ந்தால் நாறும். பூவுக்குள் இருக்கும்போது அது இல்லாவிட்டால் பூ பூவாக இராது. (சோப்பிலும் பவுடரிலும் வரும் 'மல்லிகை' ஏன் மல்லிகை போல இல்லை என்பதற்கு விடையும் பெரும்பாலும் இதில் இருக்கிறது. அழுக்கை நீக்கிவிட்ட மல்லிகை அது.)

குண்டுமல்லியை மொட்டாகத்தான் பறிப்பார்கள். விடியும் முன்பே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு வரிசையில் இறங்கும் ஆட்கள், இன்று மாலை அவிழப்போகும் மொட்டையும் நாளை அவிழப்போகும் மொட்டையும் அரைகுறை வெளிச்சத்தில் பிரித்தறிகிறார்கள். நாளைய மொட்டைப் பறித்தால் அது அவிழாமலே வாடும். இன்றைய மொட்டை விட்டுவிட்டால் செடியிலேயே மலர்ந்து விலையற்றுப் போகும். ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 4,000 மொட்டுகள். காலையில் சத்தி மலர்ச் சந்தைக்கு வந்து ஏலமாகி, கேரளத்துக்கும் கர்நாடகத்துக்கும் கோவைப் பூ மார்க்கெட்டுக்கும் போகிறது. மிஞ்சியதும் விலை இறங்கியதும் ஆலைக்கு.

ஆலைக்கு வந்த மொட்டை உடனே பயன்படுத்த முடியாது. மொட்டில் மணம் இல்லை. அவிழும்போதுதான் பூ மணத்தை உண்டாக்குகிறது. ஆகவே மொட்டுகளைப் பரப்பிவைத்துக் காத்திருக்கிறார்கள். பகல் முழுக்கக் கூடத்தில் பெரிதாக ஒன்றும் நிகழாது. பொழுது சாய்ந்ததும் மொட்டுகள் அவிழத் தொடங்கும். கூடமே மணத்தில் மூழ்கும். மணம் உச்சிக்கு வரும் நேரத்தைக் கணித்து இரவில் வேலையைத் தொடங்க வேண்டும். முந்தினால் பச்சை வாடை, பிந்தினால் அழுகல் வாடை.

பத்துப்பாட்டு படித்தவர்களுக்கு இந்த இடத்தில் நெடுநல்வாடை நினைவுக்கு வராமல் இருக்காது. மழை மூட்டத்தில் சூரியன் மறைந்ததா இல்லையா என்று தெரியாத மாலையில், தட்டில் இட்டுவைத்த பித்திக மொட்டுகள் அவிழ்ந்து மணப்பதைக் கொண்டு பெண்கள் பொழுதை அறிந்து விளக்கேற்றுகிறார்கள் என்று நக்கீரர் எழுதியிருக்கிறார். பித்திகம் என்பது பிச்சி. பூவைக் கடிகாரமாகப் பயன்படுத்திய அந்தக் காட்சியை நான் நெடுநாள் கவிநயம் என்றே கருதியிருந்தேன். இப்போது அது தொழில்நுட்பக் குறிப்பாகவும் தெரிகிறது. பறித்த பின்னும் பூ உயிரோடிருக்கிறது, தன் பொழுதை அறிந்து அவிழ்கிறது என்ற அறிவு இந்த மண்ணில் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுப் பழமை உடையது. சத்தியில் மொட்டுக் குவியலுக்கு முன் காத்திருக்கும் தொழிலாளி அதையே செய்கிறார், விளக்கேற்றுவதற்குப் பதில் கொள்கலத்தின் மூடியைத் திறக்கிறார்.

அதற்குப் பிறகு நடப்பது வேதியியல். அவிழ்ந்த பூவைக் கொள்கலத்தில் அடுக்கி, ஹெக்சேன் என்ற கரைப்பானால் சிலமுறை அலசி, கரைப்பானை ஆவியாக்கிப் பிரித்தால் மெழுகு போன்ற கட்டி ஒன்று மிஞ்சும். தொழிலில் அதற்குக் கான்க்ரீட் என்று பெயர். அந்த மெழுகை எரிசாராயத்தில் கலக்கி, குளிரூட்டி, வடிகட்டி, சாராயத்தையும் நீக்கினால் கிடைப்பது அப்சல்யூட், தூய சாரம். ஒரு டன் குண்டுமல்லியிலிருந்து கிடைக்கும் கான்க்ரீட் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ. அதிலிருந்து இறங்கும் அப்சல்யூட் ஒரு கிலோவுக்கும் குறைவு. அதாவது விரலால் கிள்ளிய நாற்பது லட்சம் மொட்டுகள் ஒரு சிறு அலுமினியக் குப்பிக்குள் அடங்கிவிடுகின்றன. சம்பங்கியில் கிடைப்பது இதைவிடவும் குறைவு. (சம்பங்கி மெக்சிகோவிலிருந்து வந்த பூ. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிய 99 பூக்களில் அது இருக்க வழியில்லை. ஆனால் இன்று சம்பங்கி மாலை இல்லாத கொங்கு நாட்டுக் கல்யாணம் ஒன்றைக் காட்டுங்கள் பார்க்கலாம். நாம் நினைப்பதைவிட எளிதாகப் பூக்கள் குடியேறிவிடுகின்றன.)

இந்தக் குப்பி ஐரோப்பாவுக்குப் போன பிறகு நடப்பதைக் குறைத்து மதிப்பிடும் வழக்கம் நம் நண்பர்களிடையே உண்டு. 'பூ நம்முடையது, அவன் சாராயத்தைக் கலந்து லேபிள் ஒட்டி விற்கிறான்' என்பார்கள். இது பிழையான பார்வை. ஒரு வாசனையை இயற்றுவது இசையமைப்பதற்கு நிகரான வேலை. சில நூறு பொருட்களின் மணத்தை நினைவில் வைத்திருப்பது தொடக்கப் பாடம். அவை ஒன்றோடொன்று சேரும்போது எப்படி மாறும், தோலில் பட்டு ஐந்து நிமிடத்திலும் ஐந்து மணி நேரத்திலும் எது மிஞ்சும் என்று முன்கூட்டியே கற்பனை செய்யத் தெரிவதுதான் கலை. ழாக் கெர்லேன் 1925 பாரிஸ் கண்காட்சிக்குக் கொண்டுவந்த ஷாலிமார், நூற்றாண்டு கடந்தும் விற்கிறது. மூலப்பொருட்களின் விளைச்சல் ஆண்டுக்கு ஆண்டு மாறும். சில பொருட்களுக்குத் தடை வரும். சில கிடைக்காமலே போகும். அத்தனைக்குப் பிறகும் பாட்டி பூசிய மணமும் பேத்தி பூசும் மணமும் ஒன்றே என்று நம்பவைக்க வேண்டும். பல வயல், பல ஆண்டுச் சாரங்களை வாங்கி, முகர்ந்து, அளவறிந்து கலந்து, ஒரே தரத்தில் வைத்திருப்பதற்கென்று ஒரு தனிக்கலையே அந்த இல்லங்களில் வளர்ந்திருக்கிறது. மாறும் இயற்கையிலிருந்து மாறாத ஒன்றைச் செய்வது எளிதன்று. அதற்கு அவர்கள் கேட்கும் விலையை நான் பழிக்கமாட்டேன்.

என் மறுப்பு வேறு இடத்தில் இருக்கிறது. 1930 வாக்கில் ழான் பட்டூ வெளியிட்ட ஜாய் என்ற வாசனைக்கு, ஓர் அவுன்சில் 10,600 மல்லிகைப் பூக்களும் 28 டஜன் ரோஜாக்களும் அடங்கியிருக்கின்றன என்பதே விளம்பரம். உலகிலேயே விலையுயர்ந்த வாசனை என்றும் சொல்லிக்கொண்டார்கள். பூவின் எண்ணிக்கையைச் சொல்லி விலையை நியாயப்படுத்தும் வழக்கம் இன்றுவரை தொடர்கிறது. ஆனால் 10,600 பிச்சிப்பூ என்பது எடையில் ஒரு கிலோவை ஒட்டி வரும். கைதேர்ந்த பறிப்பாளி ஒருவரின் காலை வேலையில் அது ஒரு பகுதிதான். விலையின் பெரும்பகுதி பூவுக்கு அன்று. பெயருக்கும் புட்டிக்கும் கடைக்கும் கலைக்கும். அப்படியிருக்கையில் விளம்பரத்தில் மட்டும் பூவை முன்னிறுத்துவானேன்? நிலத்தின் பெயரால் பொருளுக்கு மதிப்பு ஏற்றுகிறவர்கள், நிலம் எதுவென்று சொல்லியாக வேண்டும். கிராஸ் என்றால் ஊர்ப் பெயர் வரும். நம்முடையது என்றால் 'இந்திய மல்லிகை' என்ற இரண்டு சொற்களில் முடிந்துவிடும். குமரி முதல் காஷ்மீர் வரை பரந்த வயல் ஒன்று இருப்பது போல!

கெர்லேனின் 1989ஆம் ஆண்டு வாசனை ஒன்றின் பெயர் சம்ஸாரா. மல்லிகையும் சந்தனமும் அதன் இரு தூண்கள். பிறவிச் சுழற்சி என்ற தத்துவப் பொருளில் வைத்த பெயர். நம் பேச்சில் சம்சாரம் மனைவியைக் குறிக்கும் என்பது ஒருபுறம் இருக்கட்டும். கரிசல் சீமையில் சம்சாரி என்றால் உழவன். பெயர் வைத்தவருக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனாலும் பூவும் சந்தனமும் கொண்ட ஒரு புட்டியில் உழவனின் பெயர் தற்செயலாக ஏறிக்கொண்டதில் எனக்கொரு குறும்பான மகிழ்ச்சி உண்டு. அந்தச் சந்தனத்தின் கதையும் நமக்கு அந்நியமானதன்று. சத்தியமங்கலம் காடுகள் சந்தனத்தால் பட்டபாட்டை இங்கே விவரிக்க வேண்டியதில்லை. 2002 வரை தமிழ்நாட்டில் சொந்த நிலத்தில் முளைத்த சந்தன மரமும் அரசுடைமை என்றே இருந்தது. ஆகவே முளைத்ததைப் பிடுங்கி எறிவதே உழவனுக்கு நிம்மதி. ஒரு மணப்பொருளை ஊர்மக்களிடமிருந்து சட்டம் பிரித்து வைத்தால் என்ன ஆகும் என்பதற்குச் சந்தனமே போதிய சான்று. மல்லிகைக்கு அந்தச் சிக்கல் இல்லை. அதன் சிக்கல் விலை.

மார்கழி, தையில் பனியில் செடி சுணங்கும். முகூர்த்தமும் பொங்கலும் சேர்ந்துகொள்ள மல்லிகை கிலோ ஆயிரங்களைத் தொடும். அப்போது ஆலைகளால் வாங்க முடியாது. சித்திரை வெயிலில் செடி கொள்ளையாகப் பூக்கும், விலை சரியும், பறிப்புக் கூலிக்குக்கூடக் கட்டாத நாட்கள் வரும். அப்போது ஆலைதான் கதி. அதாவது கூந்தலும் கோயிலும் பூவுக்கு உச்ச விலையைத் தருகின்றன. உலகின் விலையுயர்ந்த வாசனை இல்லங்களின் தேவை அடிமட்ட விலையைத் தாங்கிப் பிடிக்கிறது. முரணாகத் தோன்றினாலும் உண்மை அதுதான். ஒரு புட்டி பல்லாயிரம் ரூபாய்க்கு விற்பவரைவிட, தலையில் வைக்க இரண்டு முழம் வாங்குகிற பெண் பூவுக்குக் கூடுதல் விலை தருகிறாள். 2020 ஊரடங்கில் கோயில்கள் மூடி, கல்யாணங்கள் சுருங்கி, பேருந்துகள் நின்றபோது, பூக்கள் செடியிலேயே மலர்ந்து உதிர்ந்தன. ஒற்றைச் சந்தையை நம்பிய பயிரின் நிலை என்னவென்று அந்தச் சில மாதங்களில் எல்லாருக்கும் தெரிந்தது.

கிராஸில் இதற்கொரு விடை கண்டார்கள். வீட்டுமனை விலை ஏறி மல்லிகை வயல்கள் அழிந்துகொண்டிருந்த நிலையில், 1987 முதல் சனேல் நிறுவனம் அப்பகுதியின் ஒரு குடும்பத்தோடு நீண்டகால உடன்படிக்கை செய்துகொண்டது. 1921இல் பிறந்த தன் ஐந்தாம் எண் வாசனைக்கு வேண்டிய மல்லிகையும் ரோஜாவும் அந்த வயல்களிலிருந்தே வரும்படி பார்த்துக்கொண்டது. பூ இருந்தால்தான் வாசனை, வயல் இருந்தால்தான் பூ, வருமானம் இருந்தால்தான் வயல் என்ற எளிய கணக்கு. இந்தக் கணக்கு பவானிசாகர்ப் பக்கத்து மல்லிகைக் காட்டுக்கும் பொருந்தும். ஏலத்தில் அன்றன்று எழுந்து விழும் விலைக்குப் பதிலாக, ஆண்டு முழுவதற்குமான ஓர் அடிவிலையை முன்கூட்டியே பேசி எழுதிக்கொள்வதில் பெரிய இல்லங்களுக்கு ஏற்படும் செலவு, அவர்களுடைய விளம்பரச் செலவின் ஓரத்தில்கூடத் தெரியாது. இதைக் கருணை என்று நான் கேட்கவில்லை. 2024இல் பி.பி.சி. வெளியிட்ட புலனாய்வு, எகிப்தின் மல்லிகைத் தோட்டங்களில் இரவில் பூப்பறிக்கும் குழந்தைகளைக் காட்டியது. பெயர்பெற்ற வாசனைகளுக்குப் பூ தரும் தோட்டங்கள் அவை. வயலில் பேசும் விலை மிகவும் கீழே போனால் கூலி கீழே போகும். கூலி கீழே போனால் வீட்டிலுள்ள எல்லாக் கையும் வயலுக்கு வரும். கைவினையைப் போற்றும் தத்துவம் முதலில் விடை சொல்ல வேண்டிய கேள்வி, அந்தக் கை எத்தனை வயதுக் கை என்பது.

மறுபக்கம், நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டியதும் உண்டு. மூன்றாவது திறன் ஏன் இங்கே முளைக்கவில்லை? திருப்பூர்ப் பனியனைப் போலத்தான் இதுவும், நாம் செய்வோம், பெயரை அவர்கள் தைத்துக்கொள்வார்கள் என்று சொல்லிவிடுவது வழக்கம். எனக்கு அந்த ஒப்புமை முழுதாகப் பொருந்துவதாகத் தோன்றவில்லை. திருப்பூர் முடிந்த ஆடையை அனுப்புகிறது. பெயர் மட்டும்தான் வேறு. சத்தி அனுப்புவது நூலைப் போன்ற ஒன்று. ஆடை என்னும் கற்பனையே இங்கே நிகழவில்லை. கொங்கு நாட்டுத் தொழில்வளத்தின் பெரும்பகுதி, ஒன்றைக் கழற்றிப் பார்த்து, புரிந்துகொண்டு, இன்னும் மலிவாகவும் உறுதியாகவும் செய்து காட்டியதால் வந்தது. 1937இல் ஜி.டி. நாயுடு கோவையில் மின்மோட்டார் செய்த காலம் முதல் பம்பும் கிரைண்டரும் அப்படித்தான் வந்தன. வாசனையை ஓரளவுக்குத்தான் கழற்றிப் பார்க்க முடியும். கருவியில் ஏற்றினால் உள்ளே இருப்பவற்றின் பட்டியல் வரும். ஏன் அப்படி இருக்கிறது என்பது வராது. அதற்கு வேண்டியது, பலன் தெரியாமல் பத்தாண்டு ஒரு மூக்கைப் பயிற்றுவிக்கும் பொறுமை. பிரான்சில் அதற்கென 1970இலேயே வெர்சாயில் ஒரு பள்ளி வைத்தார்கள். நமக்கு வேளாண் பல்கலைக்கழகம் இருக்கிறது, பொறியியல் கல்லூரிகளுக்குக் குறைவே இல்லை. மூக்குக்குப் பள்ளி இல்லை.

மரபே இல்லை என்று சொல்லவும் முடியாது. சிலப்பதிகாரத்தில் கோவலனின் ஊடலைத் தீர்க்க மாதவி நீராடும் இடத்தில் பத்துத் துவர், ஐந்து விரை, முப்பத்திரண்டு ஓமாலிகை என்று இளங்கோ கணக்குச் சொல்கிறார். நாற்பத்தேழு பொருள் சேர்ந்த ஒரு கலவை. அது இயற்றுதல் இல்லாமல் வேறென்ன? வடக்கே கன்னோசியில், செப்புப் பானையில் பூவை வேகவைத்து ஆவியைச் சந்தன எண்ணெயில் இறக்கும் முறை இன்றும் உயிரோடிருக்கிறது. முதல் மழையில் நனைந்த மண்ணின் வாசனையை அத்தராக்கி விற்கிறார்கள். அவர்களுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. நம்மிடம் இருந்த மரபு அகிற்புகையோடும் சாந்தோடும் ஏட்டில் ஒடுங்கி, இன்று ஊதுவத்தியிலும் ஜவ்வாதுக் குப்பியிலும் மிச்சமிருக்கிறது.

இதற்கு நான் காணும் காரணம் வறுமை அன்று, சுவை. நமக்குப் பூ என்றால் இன்று மாலை வாடிவிடும் பூதான். நேற்றைய பூ நிர்மால்யம். மணத்தைப் புட்டியில் அடைத்து ஆண்டுக்கணக்கில் வைத்திருக்க வேண்டும் என்ற ஆசை, பொழுது சாய்ந்தால் புதுப்பூ கிடைக்கும் ஊரில் பிறக்காது. அந்த ஆசை நீண்ட பனிக்காலம் உள்ள நாட்டின் ஆசை. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் அந்தச் சுவையை வைத்துக்கொண்டே ஒருவர் கோவையில் வாசனை இல்லம் தொடங்கினால், பாரிஸைப் பின்பற்றாத ஒன்றைச் செய்ய முடியும் என்று நம்புகிறேன். நூறாண்டுக்கு மாறாத மணத்துக்குப் பதிலாக, இந்த ஆண்டுச் சித்திரையில் விளைந்த மல்லிகை, இந்த ஐப்பசி மழையில் விளைந்த பிச்சி என்று ஆண்டும் மாதமும் ஊரும் எழுதிய சிறு குப்பிகள். மாறுவதை மறைக்காமல் விற்கிற இல்லம். கொழுந்து பறித்த பருவத்தைச் சொல்லித் தேயிலை விற்பவர்கள் இருக்கும்போது, இது நடவாத காரியம் அன்று.

2017இல் இத்தாலியின் குச்சி நிறுவனம் ப்ளூம் என்ற வாசனையை வெளியிட்டது. சம்பங்கி, மல்லிகை ஆகியவற்றோடு மூன்றாவதாக அவர்கள் பெருமையாக அறிவித்த பூ, தென்னிந்தியாவில் கண்டெடுத்ததாகச் சொன்ன இரங்கூன் மல்லி. மாலையில் வெள்ளையாக மலர்ந்து, மறுநாள் இளஞ்சிவப்பாகி, பிறகு செக்கச் சிவந்து தொங்கும் கொடி. கோவையின் பழைய வீட்டு வாசல்களில் வளைவாகப் படரவிட்டிருப்பார்கள். அதை யாரும் கிலோக் கணக்கில் விற்றதில்லை, ஏலம் விட்டதில்லை. தலையில் வைப்பவர்களும் குறைவு. இரவில் மதிலோரம் நடந்து போகிறவர்கள் மட்டும் ஒரு கணம் நின்று, எங்கிருந்து வருகிறது என்று தலையைத் தூக்கிப் பார்ப்பார்கள்.